முதல் பரிசு பெற்ற வாசகர் கருத்து

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

"உயிரோடுதான் இருக்கிறாயா" என்று ஒற்றை வரியில் கடிதம் போட்டிருந்தாய். இருக்கிறேன். பல் கட்டும் கூடத்தில் இந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை. ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் பல்லைக் கழற்றிவிட்டார்கள் போல, மேசை முழுக்க மெழுகுத் தாடைகள். நான் மேல்வரிசை செய்கிறேன், பக்கத்து மேசைக்காரி கீழ்வரிசை. இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும்போது அது எங்களைப் பார்த்து இளிக்கிறது.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். நாவல் வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன் என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? மாதம் ஒரு நாவல் தபாலில் வரும். படித்துவிட்டுக் கருத்து எழுதி அனுப்பலாம். நல்லதாக இருந்தால் வட்டத்தின் இதழில் இரண்டு வரி போடுவார்கள். முதல் பரிசு பெற்ற கருத்து மட்டும் முழுசாக, கட்டம் கட்டி வரும். இந்த மாதம் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது உன் தங்கச்சி. "ஓரத்து நாற்காலி" என்பது என் புனைபெயர்.

நாவல் இங்கிலாந்தில் நடக்கிறது. ஒரு ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, மகன் அவர் இடத்தில் உட்கார்ந்து ஆண்ட காலமாம். குதிரை வண்டி, நடன மண்டபம், விசிறி, கையுறை எல்லாம் உண்டு. இந்த மாதிரிக் கதையில் என்ன நடக்கும் என்று எனக்கு அத்துப்படி. பிரபுவுக்குச் சொத்து கைக்கு வர ஒரு மனைவி வேண்டும், பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும், இருவரும் வசதிக்காகக் கட்டிக்கொள்வார்கள், நூறாவது பக்கத்தில் மழையில் நனைந்து காதல் வந்துவிடும். இதில் வரவே இல்லை. சீமாட்டியே வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை கேட்கிறாள். நிபந்தனைகளைப் படித்துக் காட்டுகிறாள். கடைசிவரை ஆளுக்கொரு மாடியில் மரியாதையாக இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒப்பந்தத்தை இன்னும் பத்து வருஷத்துக்குப் புதுப்பிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

வாசகர்கள் கொதித்துப்போய்விட்டார்கள். ஒரு ரொட்டிக் கடைக்காரர், "முந்நூறு பக்கம் காத்திருந்தேன், பிரபு அவள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை" என்று புலம்பியிருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், "நான் படித்ததிலேயே உருப்படியான காதல் கதை இதுதான், காரணம் இதில் காதல் இல்லை" என்கிறார். ஒரு தையல்காரி சீமாட்டியின் உடையில் பொத்தான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. ஆனால் பாதிப் பேர் சொன்னது ஒன்றேதான். இப்படி ஒரு கல்யாணம் உலகத்தில் நடக்காதாம். அதற்குத்தான் நான் பதில் எழுதினேன், பரிசும் கிடைத்தது.

இதழை உனக்கு அனுப்பவில்லை. நாவல் என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடுகிறவள் நீ. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு

ஜூன் 12

சின்னவளுக்கு,

இதழை நீ அனுப்பத் தேவையில்லை. இங்கேயே வந்துவிட்டது.

இந்த நர்சிங் விடுதியில் மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தி உன் வட்டத்தில் உறுப்பினராம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று உரக்கப் படித்தாள். நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். "இப்படி ஒரு கல்யாணம் நடக்காது என்பவர்களுக்கு: நான் ஒன்றில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்." முதல் வரியிலேயே எனக்குக் கரண்டி நின்றுவிட்டது.

மற்றதையும் கேட்டேன். பொறுப்பாளர் வேலையும் வீடும் தம்பதிக்குத்தான் என்று விதி வைத்திருக்கும் ஒரு விடுதி. அலுவலகக் குமாஸ்தா, சமையலறை உதவியாளரைச் சரக்கு அறையில் கூப்பிட்டு, "உங்களுக்கும் வீடு வேணும், எனக்கும் வீடு வேணும்" என்று சொன்னது. ஒரு தாளில் எழுதிக்கொண்டது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கெட்டில். யார் விலக நினைத்தாலும் மூன்று மாத நோட்டீஸ். பெயரும் ஊரும் போடவில்லையே என்பாய். விடுதி என்று போட்டாய், சரக்கு அறை என்று போட்டாய், கெட்டிலைக்கூட விடவில்லை. என் செருப்பு அளவு ஒன்றுதான் பாக்கி.

ஒரு பெண், "ஏய், இது நம்ம வார்டன் சாரும் மேட்ரனும் மாதிரி இல்ல?" என்றாள். மேசை முழுக்கச் சிரிப்பு. "போடி, அவங்க கதைக்கு யாரு பரிசு குடுப்பா" என்றாள் இன்னொருத்தி. அதோடு விட்டுவிட்டார்கள். நான் பிழைத்தேன் என்று நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். நிம்மதியாக இல்லை. எங்களை ஒரு கதையில் வைத்துப் பார்க்கக்கூட அந்தப் பெண்களால் முடியவில்லை என்பதும் சேர்ந்து சுட்டது.

இது விடுதிச் செயலாளர் காதுக்குப் போனால் அவரும் நானும் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். உனக்கு அது தெரியும். நீ படித்த மூன்று வருஷமும் என் கட்டிலில் பாதியைக் கொடுத்தேன். அந்தப் பாதியில் படுத்துக்கொண்டு இதையெல்லாம்தான் கவனித்துக்கொண்டிருந்தாயா? உன்னைத் தவிர இந்த விஷயம் தெரிந்தவர்கள் யாருமில்லை. ஆகவே உன்னைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்திருக்க முடியாது.

அவர் இன்னும் படிக்கவில்லை. செய்தித்தாளையும் தண்ணீர்ப் பம்பின் விளக்கப் புத்தகத்தையும் தவிர அவர் எதையும் படிப்பதில்லை.

அக்கா

எழுத விட்டுப்போனது: கடைசிப் பத்தியில், பஸ் ஏற்றிவிட வந்த அந்த மனிதர் உன்னிடம் சொன்னதாக ஒன்று வருகிறது. "கையெழுத்துப் போட்ட முதல் வருஷமே மனசுக்குள்ள நான் ஒப்பந்தத்த மீறிட்டேன். சொன்னா அவங்க மூணு மாச நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிடுவாங்க. அதான் சொல்லல." இது நிஜமா? எப்போது சொன்னார்? மற்றதற்குப் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு எழுது.

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கூடத்தின் கழிவறையில் நின்றுகொண்டு படித்தேன். ரொம்ப நேரமாகியும் வெளியே வராததால் கீழ்வரிசைக்காரி கதவைத் தட்டி, "பல் வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பல் செய்கிறவளுக்கே பல் வலி என்று மத்தியானம் வரை கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டல் எனக்குப் போதவில்லை. இன்னும் நாலு பேர் வந்து திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மன்னிப்பு என்று எழுதினால் அந்தச் சொல் ரொம்பச் சின்னதாகக் கிடக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. கெட்டில் என்று எழுதும்போது இது அக்காவின் கெட்டில் என்று தெரிந்தேதான் எழுதினேன். எங்கோ தூரத்தில் இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இதற்கு முன் நாலு முறை அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை ஒரு வரி போட்டார்கள், அதிலும் பாதியை வெட்டிவிட்டார்கள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறவளுக்கு, தன் வாயால் சொன்னது கட்டத்துக்குள் வருகிறது என்றால் தலைகால் புரியாமல் போய்விடுகிறது. இது சாக்கு என்று எனக்குத் தெரியும்.

செயலாளர் காதில் ஏதாவது விழுந்ததா? அதை மட்டும் உடனே சொல். விழுந்தால், நானே வந்து அது முழுக்கக் கற்பனை என்று அவர் காலில் விழுந்து சொல்கிறேன்.

கடைசிப் பத்தியைக் கேட்டிருந்தாய். அத்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார், அது உனக்கே தெரியும். பஸ் வரத் தாமதமாயிற்று. பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசுகிற லட்சணம்தான் உனக்குத் தெரியுமே, பாதியைச் சொல்லிவிட்டு மீதியைத் தொண்டையிலேயே வைத்துக்கொள்வார். இதற்கு மேல் நான் எழுதினால் இதுவும் பரிசுக் கட்டுரை ஆகிவிடும். அதனால் விடுகிறேன்.

என் மேல் கோபமாகவே இரு. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வாலு

ஜூன் 27

என் சின்னவளுக்கு,

முதலில் உன் வயிற்றில் பாலை வார்க்கிறேன். செயலாளருக்கு ஒன்றும் தெரியாது. பெண்கள் அடுத்த நாளே பரீட்சைப் பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. நீ பாதி சொல்லி விட்டாலும் எனக்குப் புரிந்தது. நான் மடைச்சி இல்லை.

அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கி நாவலையும் படித்துவிட்டேன். எனக்கும் ஒரு கருத்து உண்டு, பரிசு வேண்டாம். அந்தச் சீமாட்டிக்கு ஆறு வேலைக்காரிகள். அவ்வளவு பேர் சூழ இருந்துகொண்டு ஆளுக்கொரு மாடியில் வாழ்வது பெரிய காரியமா? சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுவது இந்தப் பக்கம் கேட்கிற வீட்டில் பதினொரு வருஷம் இருந்து காட்டட்டும். இன்னொன்று, அந்தப் பிரபு ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து நிறுத்துகிறார். எழுதினவருக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. ஜனவரியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் என் கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்தார். அவர் அறையில் வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் ஜன்னல் கொக்கி நான் சொல்லாமலே சரியானது. ரொட்டியின் காய்ந்த முனையை அவரே எடுத்துக்கொள்வார். பிடிக்கும் போல என்று நானும் வருஷக்கணக்காக அதை அவருக்கே வைத்தேன். ஒரு மனிதருக்குக் காய்ந்த ரொட்டி பிடிக்கும் என்று நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கும் வெகு நாளாக அப்படித்தான். மூன்றாவது வருஷமோ நாலாவதோ. நான் சொன்னால் அவர் நோட்டீஸ் கொடுத்துவிடுவார் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே பயத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு பெண்கள் எல்லாரும் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். வீடு காலியாக இருக்கும். அன்றைக்குப் பேசிவிடப் போகிறேன். கண்ணாடிக்குப் புதுச் சட்டம் மாற்றியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் உன் அக்கா இப்படி ஆகிவிட்டாள்.

உன் அக்கா

ஜூலை 1, எக்ஸ்பிரஸ்

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை எதுவும் பேசாதே.

அத்தான் அப்படிச் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவர் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம். "பின் சீட்ல உக்காராத, தூக்கித் தூக்கிப் போடும்." அப்புறம், "மாத்தி எறங்கிடாத." மற்றது முழுக்க நான் எழுதியது.

ஏன் என்று கேட்பாய். கருத்தை எழுதி முடித்தபோது முடிவு சப்பென்று இருந்தது. ஆளுக்கொரு அறையில் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று முடித்தால் யாருக்கு என்ன? முந்தைய மாதங்களில் பரிசு வாங்கிய கருத்துகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாமே கண் கலங்குகிற மாதிரி முடிந்திருந்தன. நானும் கலங்க வைத்தேன். காதல் இல்லாமலே ஒரு கதை நிற்கிறது என்று அந்த நாவலை மெச்சிவிட்டு, கடைசியில் நானே ஒரு காதலைச் செய்து ஒட்டவைத்தேன். எனக்குத் தொழிலே அதுதானே, இல்லாத பல்லைச் செய்து வைப்பது.

நீ கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். உன் கோபக் கடிதத்தின் அடியில் நீ அதைக் கேட்டிருந்த விதத்தைப் பார்த்ததும், நீ இல்லை என்ற பதிலை விரும்பவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் மழுப்பினேன். உன் கோபம் தணிந்தால் போதும் என்று இருந்தது. பரிசுக்காகச் சொன்ன பொய்யைவிட அந்த மழுப்பல்தான் அயோக்கியத்தனம்.

இன்று காலை உன் கடிதம் வந்தது. உடனே விடுதிக்குப் போன் போட்டேன். அத்தான் எடுத்தார். "ஹலோ, விடுதி" என்றார். போன் அவர் மேசையில்தான் இருக்கிறது, உன்னைக் கூப்பிட்டால் அவர் பக்கத்திலேயே நிற்பார், அவர் முன்னால் நான் எதைச் சொல்ல? "யாருங்க? லைன் சரியில்லையா?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டேன். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். இப்போது கிளம்பினால்கூட ஞாயிறுக்குள் உன் முன்னால் வந்து நிற்கலாம். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் இங்கே உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தபால் நிலையத்தில் கேட்டேன், ஞாயிறன்று பட்டுவாடா கிடையாது, திங்கள் காலைதான் என்கிறார்கள். ஆனாலும் போடுகிறேன்.

அக்கா, எப்படியாவது நீ பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 10

சின்னவளுக்கு,

பேசிவிட்டேன்.

பெண்கள் கிளம்பிய பிறகு அவர் அலுவலக அறையில் அறைச் சாவிகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். "சார், ஒரு விஷயம்" என்றேன். பதினொரு வருஷமாக அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேட்ரன்.

"பம்ப் மறுபடி நின்னுடுச்சா?"

"இல்ல. பஸ் ஸ்டாப்ல என் தங்கச்சிகிட்ட நீங்க ஒண்ணு சொன்னீங்களாம்."

அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இதழை நீட்டினேன். அவர் விரலை வரிக்கு அடியில் வைத்து மெதுவாகப் படிக்கிறவர். நின்றபடியே முதலிலிருந்து படித்தார். சரக்கு அறையைத் தாண்டினார், கெட்டிலைத் தாண்டினார். கடைசிப் பத்தியில் விரல் நின்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் நோட்டீஸ் குடுக்க மாட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். எனக்கும் அப்படித்தான்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் இதழைப் பார்த்தார். கையில் இருந்த சாவி எந்த அறையுடையது என்பதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார். "சொன்னேன். அவ இதப் போய் எழுதுவான்னு நெனைக்கல."

அன்று சாயங்காலம் தன் கெட்டிலை அறையிலேயே விட்டுவிட்டு என் மேசைக்கு வந்து டீ குடித்தார். சின்ன வயதில் விசில் அடிக்கக் கற்றுக்கொண்டு வாத்தியாரிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னார். அடித்தும் காட்டினார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அவ்வளவு சிரித்து நாளாகிறது.

திங்கள் காலை உன் எக்ஸ்பிரஸை அவரேதான் வாசலிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தார். "ஒங்க தங்கச்சி எக்ஸ்பிரஸ் போட்டிருக்கா, ஒடம்புக்கு ஏதும் முடியலையோ" என்று கவலையாக நின்றார். அவர் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். "என்னவாம்?" என்றார். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காளாம்" என்றேன். பதினொரு வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. அவர் சொன்ன முதல் பொய்க்கு மறுநாள்.

ஒரு வாரமாக அவர் என் மேசைக்கு டீ குடிக்க வருகிறார். நான் ஊற்றுகிறேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் போய்க் கையேந்தினவளுக்கு இல்லை என்று சொல்ல மனமில்லாமல் கொடுத்தாரா என்று நினைத்தால், உடம்பெல்லாம் கூசுகிறது. புதுக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். பழசை மாட்டிக்கொண்டதும் அவர், "அது நல்லா இருந்துச்சே" என்றார். அதையும் பரிதாபத்தில்தான் சொன்னாரா? எனக்கு இப்போது எதையும் நம்பத் தெரியவில்லை, நம்பாமலிருக்கவும் தெரியவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? நீ கடைசிப் பத்தி எழுதுவதில் கெட்டிக்காரி. இதற்கும் நீயே எழுது.

அக்கா

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பதில் எழுதினேன். ஒன்றில், அத்தானுக்கு உன் மேல் எப்போதுமே பிரியம் இருந்தது, என் பொய் அதற்கு வாய் கொடுத்தது. இன்னொன்றில், அவர் நல்ல மனிதர், ஒரு பெண்ணை வாசலில் அவமானப்பட விட மனமில்லாமல் தலையாட்டினார். இரண்டுமே நன்றாக வந்திருந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. மூன்று வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டேன், அத்தானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கெட்டில் எத்தனை என்று எண்ணினேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் அவர் எங்கே உட்காருவார் என்று பார்த்ததில்லை. தெரிந்த மாதிரி ஊருக்கெல்லாம் சொன்னேன்.

இந்த மாத இதழ் வந்திருக்கிறது. நாவலை விட்டுவிட்டார்கள், எல்லாரும் என் கருத்துக்குக் கருத்து எழுதியிருக்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரர், "அந்த விடுதிக்காரர் கடைசியில் வாயைத் திறந்தாரா இல்லையா, ஓரத்து நாற்காலி உடனே தெரிவிக்கவும்" என்று கேட்டிருக்கிறார். கணக்கு டீச்சர், "சொல்லாமலே இருக்கட்டும், சொன்னால் கெட்டுவிடும்" என்கிறார். அதன் அடியில் பேனாவால் ஒரு குறிப்பு எழுதி இதழாசிரியரே எனக்கு அனுப்பியிருக்கிறார். தொடர்ந்து என்ன நடந்தது என்று எழுதினால் இரண்டு பக்கம் ஒதுக்குவாராம்.

பதில் போடவில்லை. ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்தக் குறிப்பைப் படித்த உடனே, ஒரு நிமிஷம், உன் போன கடிதத்தில் இருந்த சாவியும் விசிலும் என் கண்முன் வரிவரியாக வந்து நின்றன. என் புத்தி போகிற போக்கைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. உறுப்பினர் அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடாது, தெரியும்.

என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். என் எக்ஸ்பிரஸை அவரிடம் காட்டு. அதில் உள்ள அசிங்கம் முழுக்க என்னுடையது. உன்னுடையதாக அதில் ஒன்றும் இல்லை. அவர் இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் நியாயம்தான். கேட்க வேண்டியதை நீ அவரிடமே கேள். நான் வாய் திறந்தால் அது கதையாகிவிடுகிறது.

உன் தங்கச்சி

ஜூலை 30

சின்னவளுக்கு,

காட்டினேன்.

காட்டுவதற்குப் பத்து நாள் ஆயிற்று. பெண்கள் திரும்பி வருவதற்கு முந்தின நாள், டீ ஊற்றுவதற்கு முன்னால் உன் கடிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். விரலை வைத்து முழுக்கப் படித்தார். "ஹலோ, விடுதி" என்ற இடத்தில், "அது அவதானா" என்றார். படித்து முடித்ததும் மடித்து, உறைக்குள் போட்டு, என் பக்கம் நகர்த்தினார்.

அவர் காது சிவந்திருந்தது. "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான் என்றேன். அப்படியானால் மூன்று வாரத்துக்கு மேலாக எனக்குத் தெரியும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம், ஒரே மேசையில் உட்கார்ந்து வெட்கப்பட்டதுதான்.

அப்புறம் அவர்தான் பேசினார். "நீங்க வாசல்ல நின்னீங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"பரிதாபப்பட்டீங்களா?"

பொய் சொல்லாமலிருக்க அவர் கஷ்டப்படுவது தெரிந்தது. "அன்னிக்கு ஆமா" என்றார்.

நீ எனக்கு அனுப்பாமல் கிழித்த இரண்டு பதிலில் ஒன்று அது. கேட்டபோது, பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. இல்லை, வலித்தது, ஆனால் உட்கார முடிந்தது. டீயை ஊற்றினேன். தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவர் துணியை எடுத்துத் துடைத்தார்.

"இன்னிக்கு?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொன்னார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, பாதியைத் தொண்டையில் வைத்துக்கொள்ளாமல் முழுசாகச் சொன்னார். நானும் ஒன்று சொன்னேன்.

உன்னை மன்னித்துவிட்டேன், அதை நம்பு. விடுமுறைக்கு வா, அவரும் வரச் சொன்னார். உன் கட்டில் பாதி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் நீ கேட்கக் கூடாது. முன்பென்றால் அன்று சாயங்காலமே உட்கார்ந்து உனக்கு ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருப்பேன்.

அக்கா